மடக்கு ட்ரெட்மில்: முதலில் கோலமாவால் ஒரு கட்டம் போடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(வீட்டிலேயே நடப்பதற்கு மடக்கி வைக்கும் ட்ரெட்மில் வாங்குவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.)

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் தளத்தில், இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில் இருக்கிறோம். எனக்கு வயது 54, எடை 78 கிலோ. கணவருக்கு வயது 60, எடை 92 கிலோ. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும், மற்ற நாட்களில் நாய்த் தொல்லை. ஆகவே மடக்கு ட்ரெட்மில் வாங்க எண்ணியிருக்கிறோம். '4 ஹெச்.பி.' என்று விளம்பரம் செய்யப்படும் ஒன்றும், '2 ஹெச்.பி.' என்று போட்டிருக்கும் இன்னொன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. எதை வாங்குவது?
— வேளச்சேரி வாசகி

பதில்: மோட்டாருக்கு வருவதற்கு முன் இடத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனெனில் ட்ரெட்மில் வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரை நினைத்து வருந்துவதில்லை. 'மடக்கலாம்' என்ற ஒரு சொல் நம்மை மயக்கிவிடுகிறது. மடக்கி நிறுத்தினால் 3 அடிக்கு 2½ அடி இடமே போதும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் நடக்கப்போவது விரித்த கருவியின் மேல். விரித்தால் அது ஏறக்குறைய 5½ அடி நீளமும் 2½ அடி அகலமும் கொள்ளும். அதன் பின்புறம் 6 அடியும், இரு பக்கங்களிலும் குறைந்தது ஒன்றரை அடியும் வெற்றிடமாக இருக்க வேண்டும். கால் தடுமாறியவரை ஓடும் பெல்ட் பின்னால்தான் தள்ளும். அங்கே சுவரோ பீரோவோ இருந்தால், அவர் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார், பெல்ட் நிற்காமல் தோலை உரசிக்கொண்டே இருக்கும். ஆகவே கருவியின் முகப்பு சுவரையோ சன்னலையோ பார்த்தும், பின்புறம் அறையின் திறந்த பக்கத்தைப் பார்த்தும் இருக்கும்படி வையுங்கள். இடம் போதாமல் பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். கருவியின் விரிந்த அளவைக் குறித்துக்கொண்டு, வைக்க நினைக்கும் இடத்தில் கோலமாவால் அந்த நீள அகலத்துக்கு ஒரு கட்டம் போட்டு, மூன்று நாள் அப்படியே விட்டுவையுங்கள். (வீடு பெருக்க வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.) பீரோக் கதவு திறக்கும்போது கட்டத்துக்குள் வருகிறதா, இரவில் குளியலறைக்கு எழுந்து போகிறவர் கோட்டை மிதிக்கிறாரா, சாப்பாட்டு மேசை நாற்காலியைப் பின்னால் இழுத்தால் எங்கே வந்து நிற்கிறது என்பதெல்லாம் அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். அதே இடத்தில் நின்று ஒருமுறை அண்ணாந்தும் பாருங்கள். நம் படுக்கையறைகளில் 7 அடி உயரத்தில் லாஃப்ட் இருக்கும். நடைப்பலகையே தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருப்பதால், ஐந்தே முக்கால் அடி உயரமுள்ளவருக்குத் தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளிதான் எஞ்சும். ஓடினாலோ, சரிவை உயர்த்தினாலோ அதுவும் குறையும். தாழத் தொங்கும் மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாளும் விரித்து, நடந்து, மீண்டும் மடக்கினால்தான் வீட்டில் புழங்க முடியும் என்ற நிலை இருந்தால், நான்காவது வாரத்திலிருந்து அந்தக் கருவி மடக்கியபடியே நிற்கும். மடக்கும் வசதி விருந்தினர் வரும் நாளுக்கும், தரையைக் கழுவும் நாளுக்கும், வீடு மாற்றும் நாளுக்கும் பயன்படட்டும். மற்ற நாட்களில் விரித்தபடியே கிடக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். கூடம் அழகு கெட்டுப்போகும் என்று கவலைப்படுகிறவர்கள் அதில் நடப்பதும் அரிது.

இனி மோட்டார். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் பெரும்பாலும் உச்சத் திறன். அதாவது ஒரு கணம் எட்டக்கூடிய அளவு. தொடர்ந்து அரை மணி நேரம் ஓடும்போது மோட்டார் தரக்கூடிய திறனே நமக்கு வேண்டியது. விற்பனையாளரிடம் '4 ஹெச்.பி. என்பது உச்சமா, தொடர் திறனா?' என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் மின்கம்பியின் முனையில் உள்ள பிளக்கைப் பாருங்கள். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட், 4 ஹெச்.பி. ஏறக்குறைய 3,000 வாட். 230 வோல்ட் மின்சாரத்தில் 6 ஆம்பியர் சின்ன பிளக் வழியாக வரக்கூடியது 1,380 வாட்தான். சின்ன பிளக்குடன் வரும் கருவி 4 ஹெச்.பி. திறனைத் தொடர்ந்து தருவதற்கு வழியே இல்லை. கருவியின் அடியிலோ முன்புறத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் அளவு இருக்கும், அதையும் படியுங்கள். நீங்கள் இருவரும் நடக்க மட்டுமே போகிறீர்கள் என்றால் தொடர் திறன் 1½ முதல் 2 ஹெச்.பி. இருந்தால் போதும். ஓடுகிறவர் வீட்டில் இருந்தால் 2½ முதல் 3 வரை பாருங்கள்.

எடை வரம்பில் கருமித்தனம் வேண்டாம். உங்கள் கணவரின் எடை 92 கிலோ. '100 கிலோ வரை' என்று எழுதிய கருவியை அவருக்கு வாங்கக் கூடாது. வேகமாக நடக்கும்போதும் ஓடும்போதும் ஒவ்வொரு காலடியும் உடல் எடையைவிட அதிகமாகப் பலகையை அழுத்தும். ஓட்டத்தில் அது உடல் எடையின் இரண்டு மூன்று மடங்காகும். 120 கிலோ வரம்புள்ளதாகப் பாருங்கள். பெல்ட்டின் அகலம் 42 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், நடக்கும்போது கால் ஓரத்தில் படாமல் இருக்கக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க நேரும். நீளம், நடப்பவருக்கு 120 சென்டிமீட்டர் போதும். ஓடுபவருக்கு 130-க்கு மேல் வேண்டும்.

கடையில் மடக்கிக் காட்டுகிறவர் விற்பனையாளராக இருக்கக் கூடாது. நீங்களே பின்புறத்தைத் தூக்கி மடக்குங்கள். கொக்கி 'டக்' என்று விழுகிறதா என்று கேளுங்கள். பிறகு இறக்கிப் பாருங்கள். நல்ல அமைப்பில், பாதி தூரம் இறக்கியபின் கையை எடுத்தாலும் பலகை மெதுவாகத் தானே இறங்கும். மோசமானதில் தொப்பென்று விழும். அப்புறம் ஷூ போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். மடக்கும் கீல் இருக்கும் இடத்தில்தான் இவ்வகைக் கருவிகள் ஆட்டம் காணும். இரண்டு நிமிடத்தில் அந்த ஆட்டம் தெரியாது.

உங்கள் கணவரைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளுக்குள் செருப்பணிந்து நடக்கும் வழக்கம் இல்லாததால், வீட்டுக்குள் இருக்கும் ட்ரெட்மில்லிலும் வெறுங்காலுடன் ஏறிவிடுகிறோம். நீண்ட நாள் சர்க்கரை நோயுள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். உரசும் பெல்ட் கொப்புளத்தை உண்டாக்கினாலும் வலி தெரியாது, புண்ணான பிறகே கண்ணில் படும். வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று ஒரு ஜோடி ஷூவும், தடித்த பருத்திக் காலுறையும் ட்ரெட்மில்லின் அருகிலேயே இருக்கட்டும். நடந்து முடித்ததும் உள்ளங்காலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இன்சுலினோ, சர்க்கரை அளவைத் திடீரெனத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவரானால், வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. எந்த நேரத்தில் நடப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. உணவுக்குப் பின் 10, 15 நிமிடம் மெதுவாக நடப்பது சர்க்கரை ஏறுவதைக் கட்டுப்படுத்தும். வீட்டிலேயே ட்ரெட்மில் இருப்பதன் பெரிய ஆதாயம் இதுதான். இரவு எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு யார் தெருவில் இறங்குவார்கள்?

கேள்வி: எங்கள் பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். இன்வெர்ட்டரில் இணைத்துவிடலாமா? மின் கட்டணம் எவ்வளவு கூடும்?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று போட்ட இன்வெர்ட்டர் இந்த மோட்டாரைத் தாங்காது, இணைக்க வேண்டாம். எர்த் சரியாக உள்ள தனி பவர் பாயின்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். நீட்டிப்புப் பெட்டி வைத்து, அதிலேயே தொலைக்காட்சியையும் செருகும் பழக்கம் இங்கே உதவாது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் முதலில் பழுதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பலகை. ஆகவே மோட்டாரின் வாட் அளவுக்குப் பொருந்தும் ஸ்டெபிலைசர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். 'மோட்டாருக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம்' என்று சொன்னால், மின்பலகைக்கு எத்தனை ஆண்டு என்று திருப்பிக் கேளுங்கள்.

நடை வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு அரை யூனிட் முதல் முக்கால் யூனிட் வரை செலவாகலாம். வீட்டில் இருவர் தினமும் ஆளுக்கு அரை மணி நேரம் நடந்தால், நம் இரு மாதக் கணக்கெடுப்பில் 30 முதல் 45 யூனிட் வரை கூடும். இந்தக் கூடுதல் உங்களை அடுத்த கட்டண அடுக்குக்குத் தள்ளுமா என்று பழைய ரசீதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 72 வயதான என் மாமியாருக்காகக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய தட்டையான 'வாக்கிங் பேட்' வாங்கலாமா, அல்லது மோட்டார் இல்லாத மலிவான ட்ரெட்மில் போதுமா?
— கோயம்புத்தூர் வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம். வாக்கிங் பேட் எடை குறைந்தது, ஒதுக்கி வைக்க எளிது. ஆனால் பெரும்பாலானவற்றில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது, பெல்ட்டும் குறுகல். மேசை முன் நின்றபடி வேலை செய்யும் இளைஞர்களுக்கு அது பொருந்தும். மோட்டார் இல்லாத கருவியில் பெல்ட்டைக் காலால் தள்ளித்தான் நகர்த்த வேண்டும். அதனால் உடல் முன்னால் சாய்ந்து, முழங்காலிலும் இடுப்பிலும் பாரம் விழும். உங்கள் மாமியாருக்கு நீண்ட பக்கக் கைப்பிடியும், மணிக்கு 1 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் தொடங்கும் வசதியும் உள்ள கருவியே ஏற்றது. அப்படி ஒன்று வாங்க இயலாதென்றால், மொட்டை மாடியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பது இவை இரண்டையும்விட மேல்.

கேள்வி: மருத்துவமனையில் 'ட்ரெட்மில் டெஸ்ட்' செய்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அங்கே நடந்த அதே அளவில் வீட்டிலும் நடக்கலாமா?
— திருச்சி வாசகர்

பதில்: அது சோதனை, பயிற்சி அல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1963-இல் வெளியிட்ட முறையே இன்றும் பெருவழக்காக உள்ளது. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 சதவீதச் சரிவில் தொடங்கி, மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை வேகமும் சரிவும் உயர்த்தப்படும். உங்களைக் களைப்படையச் செய்து, அப்போது இதயம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதே அதன் நோக்கம்; பக்கத்தில் மருத்துவரும் இ.சி.ஜி.யும் இருந்தன. வீட்டில் சரிவே இல்லாமல், பேசிக்கொண்டே நடக்க முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் போதும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு. திரையில் தெரியும் கலோரிக் கணக்கைப் பார்த்து இன்னொரு வடை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது தோராயமானது.

கேள்வி: வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான். மடக்கி வைத்துவிட்டால் ஆபத்து இல்லையே?
— சேலம் வாசகர்

பதில்: உண்டு. மடக்கி நிறுத்திய கருவியின் கொக்கி சரியாக விழாவிட்டால், குழந்தை இழுக்கும்போது பலகை அதன் மேலேயே சாயும். விரித்த கருவியில் ஆபத்து பின்புற உருளையில் இருக்கிறது. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் தன் ட்ரெட்மில் வகை ஒன்றில் ஏறக்குறைய 1,25,000 கருவிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஒரு குழந்தை அதன் அடியில் இழுக்கப்பட்டு உயிரிழந்ததும், மேலும் பலர் காயமடைந்ததும் அதற்குக் காரணம். கருவியுடன் ஒரு கயிற்றில் சிவப்புச் சாவி வரும். நடக்கும்போது அதன் கவ்வியைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். நடந்து முடித்ததும் சாவியை உருவி, பூஜையறை அலமாரி போன்ற உயரமான ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். நீங்கள் நடக்கும்போது பேரன் அந்த அறையில் இருக்கக் கூடாது.

கேள்வி: ஓராண்டுக்கு முன் வாங்கிய கருவியில் 'கிரீச்' சத்தம் வந்தது. தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தம் நின்றது, ஆனால் பெல்ட் இப்போது வலப்பக்கம் ஒதுங்கி ஓடுகிறது. என்ன செய்வது?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகும், பெல்ட்டையும் கெடுக்கும். தையல் எந்திர எண்ணெயும் ஆகாது. பெல்ட்டுக்கும் பலகைக்கும் இடையே சிலிக்கான் எண்ணெய் மட்டுமே விட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டைச் சற்றுத் தூக்கி, உலர்ந்த பருத்தித் துணியை உள்ளே விட்டுப் பலகையை நன்றாகத் துடையுங்கள். கை எட்டாத அளவுக்குப் பிசின் ஏறியிருந்தால் பழுது பார்ப்பவரை அழைத்து பெல்ட்டைத் தளர்த்தித் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு இரு பக்கங்களிலிருந்தும் பலகையின் நடுப்பகுதியில் படும்படி சிலிக்கான் எண்ணெயைக் கோடாக விட்டு, குறைந்த வேகத்தில், யாரும் ஏறாமல், ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இது போதும்.

பெல்ட் ஒதுங்குவதைச் சரி செய்வது எளிது. கருவியின் பின்முனையில் இருபுறமும் ஒவ்வொரு திருகு இருக்கும். அதற்கான எல் வடிவ அலென் சாவி பெட்டியிலேயே வந்திருக்கும். பெல்ட்டை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெறுமனே ஓடவிட்டு, அது வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கத் திருகைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். விரலும் வேட்டி நுனியும் உருளையின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே இன்னொரு கால் சுற்று திருப்பத் தோன்றும். ஒரு நிமிடம் பொறுங்கள், பெல்ட் மெதுவாகத்தான் நகரும். நடுவுக்கு வந்துவிட்டால் சாவியை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.