கோப்பை இல்லாத சாதனையாளர்

கேள்வி: உலகக் கோப்பையை ஒருமுறைகூட வெல்லாமல் ஓய்வுபெற்ற இந்தியக் கிரிக்கெட் வீராங்கனை ஜூலன் கோஸ்வாமியைத் தலைசிறந்த பந்துவீச்சாளர் என்பது மிகையல்லவா?

பதில்: மிகையே அல்ல. 1997-இல் ஈடன் கார்டன்ஸில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் எல்லைக் கோட்டருகே பந்து பொறுக்கிப் போட்ட சிறுமி, மேற்கு வங்கத்தின் சிற்றூரான சக்தாஹாவிலிருந்து அதிகாலை ரயிலேறிக் கொல்கத்தா சென்று பயிற்சி பெற்று, 2002-இல் இந்திய அணிக்குள் நுழைந்து, இருபது ஆண்டுகள் ஆடினார். வேகப்பந்து வீச்சாளரின் முழங்கால் அவ்வளவு காலம் தாங்குவதே அரிது. ஒருநாள் போட்டிகளில் அவர் எடுத்த 255 விக்கெட்டுகள், ஓய்வுபெற்றபோது உலகச் சாதனை. 2017 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் சாரா டெய்லரையும் ஃபிரான் வில்சனையும் அடுத்தடுத்த பந்துகளில் வெளியேற்றி, 23 ரன்களுக்கு 3 விக்கெட் வீழ்த்தினார். இந்தியா 9 ரன் வித்தியாசத்தில் தோற்றதற்குக் காரணம், கடைசியில் சரிந்த மட்டையாட்டமே.