பொடக்காலிக்கு எந்த மரம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது தார்சு (கான்கிரீட் கூரை) வீடு. மேற்குப் பக்கம் பொடக்காலி (கொல்லைப்புறம்). தென்வடலாக 40 அடி, வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு வரை 30 அடி. மதியம் இரண்டு மணிக்கு மேல் படுக்கையறை அடுப்பாகக் காய்கிறது. மண் செஞ்சரளை, போர் தண்ணீர் கொஞ்சம் சப்பை (லேசான உப்பு). நர்சரியில் பாதாம் வை, சீக்கிரம் வந்துவிடும் என்கிறார்கள். மாமனார் வேம்புதான் வேண்டும் என்கிறார். எதை வைக்கலாம்?
– வாசகி, காங்கேயம்

பதில்: உங்கள் இடத்துக்குப் புங்கன். சரளையும் சப்பைத் தண்ணீரும் அதற்குப் பெரிய தொந்தரவில்லை. பங்குனி வாக்கில் இலை உதிர்த்தாலும் வெயில் முற்றுவதற்குள் தளிர்த்து அடர்ந்துவிடும். உங்கள் மாமனார் சொல்வதும் தப்பில்லை; ஆனால் வேம்பு 40 அடிக்கு மேல் போகும், 30 அடி அகலத்தில் அதற்கு நெருக்கடி. பாதாம் வேகமாக வளரும், அது உண்மை. கிளை படுக்கைவாட்டில் நீள்வதால் சுவரையும் பக்கத்து வீட்டையும் தொடும். வருடத்துக்கு இரண்டு தடவை கொட்டும் பெரிய இலைகள் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயை அடைக்கும். பொறுமை இருந்தால் மகிழம் இன்னும் அழகு, எப்போதும் பச்சை. ஆனால் வளர்ச்சி மந்தம்.

மரத்தைவிட இடம்தான் முக்கியம். சுவரிலிருந்து 15 அடி தள்ளி வையுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம், அதன் நடுவிலிருந்து 3 அல்லது 4 அடி வடக்கே தள்ளுங்கள். மே மாதம் நம் பக்கத்தில் சாயங்கால வெயில் நேர் மேற்கிலிருந்து வருவதில்லை, வடமேற்காகச் சாய்ந்து வரும். நேராக வைத்தவர்களுக்கு நிழல் ஜன்னலை விட்டு, அதற்குத் தெற்கே உள்ள சுவரில் விழுகிறது. 25 அடி வளர்ந்த மரத்தின் நிழல் அந்த மாதம் நாலு மணிக்குச் சுமார் 34 அடி நீளும்; ஜன்னலை முழுக்க மூட அது போதும். செப்டிக் டேங்க், மின்கம்பி இரண்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வெள்ளாமைக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஊரில் மரக்கன்றை ஆடியில் வைத்தால் வேர் பிடிக்குமுன்னே ஆட்டி எடுத்துவிடும். புரட்டாசிக் கடைசி, ஐப்பசி மழைதான் சரி.

குழி நீள, அகல, ஆழம் மூன்றடி, சதுரமாக. வழுவழுப்பான வட்டக் குழியில் வேர் உள்ளேயே சுற்றும். பக்கங்களைக் கடப்பாரையால் கொத்திவிடுங்கள். முதலில் ஓரடித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அடியில் சுக்கான் (இறுகிய சுண்ணாம்புப் படிவு) இருக்கிறது, அதை உடைக்காமல் நடக் கூடாது. மேல்மண் இரண்டு பங்குக்கு நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ. பச்சைச் சாணம் போட்டால் கறையானைக் கூப்பிட்டுக்கொண்டு வந்த மாதிரிதான். நிரப்பித் தண்ணீர் விட்டு மண் அமுங்கிய பிறகு நடுங்கள்.

கன்று 4 அடி, விரல் கனம் போதும். பையைக் கிழித்ததும் அடியைப் பாருங்கள்: வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளைக் கத்தியால் வெட்டிவிட வேண்டும். விட்டுவிட்டால் பத்து வருடம் கழித்து ஒரு காற்றில் சாயும். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்கட்டும், புதைந்தால் பட்டை அழுகும்.

காற்று மேற்கிலிருந்து வருவதால் தெற்கிலும் வடக்கிலும் ஒவ்வொரு குச்சி ஊன்றி, பழைய துணியால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு கொஞ்சம் ஆடினால்தான் அடி பருக்கும். முதல் ஆடி கழிந்ததும் குச்சியை எடுத்துவிடலாம். மழை இல்லாத நாட்களில் முதல் மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு குடம், பிறகு வாரம் இருமுறை. இரண்டு கோடை தாண்டும்வரை விடாதீர்கள். கன்றைச் சுற்றித் தேங்காய் மட்டை பரப்பலாம், தண்டிலிருந்து அரையடி தள்ளி.

புங்கன் கீழேயே கிளை பிரியும். நடுத்தண்டை 8 அடிவரை ஏற்றிவிட்டுக் கீழ்க்கிளைகளை வருடத்துக்கு ஒன்றிரண்டாக எடுங்கள், மொத்தமாக மொட்டையடிக்க வேண்டாம். இலையில் வெள்ளைக் கோடும் சிறு கொப்புளமும் வரும். பூச்சி, சிலந்திப் பேன் வேலை. மருந்து அடிக்கத் தேவையில்லை. நாலைந்து வருடத்தில் கட்டில் போட்டு உட்காரலாம்.

கேள்வி: மார்கழியில் எங்கள் வேப்பமரம் தீப்பட்டதுபோல் நுனி கருகிவிட்டது. வெட்டிவிடலாமா?
– வாசகர், கோபி

பதில்: வெட்டாதீர்கள். தேயிலைக் கொசு என்ற பூச்சி தளிரில் சாறு உறிஞ்சும். மழை ஈரத்தில் பூஞ்சணமும் சேர்ந்து நுனிக்கிளை கருகும். வெயில் ஏறியதும் பெரும்பாலும் தானே துளிர்க்கும். எட்டுகிற காய்ந்த நுனிகளை மட்டும் வெட்டி எரித்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு ஆறடியில் 15 வருட வேம்பு. கரிசல் மண். சுவரில் விரிசல். வேரை வெட்டினால் சரியாகுமா?
– வாசகர், பல்லடம்

பதில்: வீட்டுப் பக்க வேரை வெட்டினால் மரத்துக்கு அந்தப் பக்கம் பிடிமானம் போய்விடும், அடுத்த ஆடிக் காற்றில் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் மரம் ஈரத்தை இழுக்க, அந்தப் பக்கம் அஸ்திவாரம் இறங்குகிறது. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் தேதியோடு கோடு போட்டு, சித்திரையிலும் கார்த்திகையிலும் அகலத்தை அளந்து பாருங்கள். கோடையில் விரிந்து மழையில் மூடினால் காரணம் பெரும்பாலும் மண்ணும் மரமும்தான். மரத்தை ஒரேயடியாக எடுத்தாலும் மண் திரும்ப உப்பி வேறிடத்தில் விரிசல் விடலாம். எனவே கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் குறைத்துவிட்டு, அளவுகளோடு சிவில் என்ஜினியரைப் பாருங்கள்.

கேள்வி: குல்மொகர் வைக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: பூவுக்கு வைக்கலாம். பங்குனியில் இலையில்லாமல் நிற்கும், காற்றில் கிளை முறியும், மேல்வேர் சிமெண்ட் தளத்தைத் தூக்கும். வீட்டிலிருந்து 30 அடி தள்ளி இடம் இருந்தால் யோசியுங்கள்.