அடைப்புக்குறிக்குள் ஒரு தம்பி

கேள்வி: எனக்கு 54 வயது. பிழைக்க வந்த பணக்கார நாட்டில் 26 வருடங்களாக ஒழுங்காக வரி கட்டி வாழ்கிறேன். உலகத்தில் பட்டினி கிடப்பவர்களுக்குச் சோறு போடுவது நம் நாட்டின் கடமை, அதற்குத் தர்மம் என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பது என் கட்சி. சொந்த நாட்டு ஏழையை விட்டுவிட்டு எங்கோ இருப்பவனுக்கு ஏன் அள்ளிக் கொடுக்க வேண்டும்? கொடுத்ததையும் அங்குள்ள ஆட்சியாளர்கள் தின்றுவிடுகிறார்கள். நான் கல்நெஞ்சன் இல்லை. ஊரில் இருக்கும் தம்பிக்கு (நான் கிளம்பியபோது அப்பா வீட்டில் தன் பங்கை எனக்கு எழுதிக்கொடுத்தவன், அதை விற்றுத்தான் இங்கே காலூன்றினேன்) மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன். எல்லாவற்றுக்கும் நோட்டில் கணக்கு இருக்கிறது. இதுவரை அவன் ஒரு நன்றி சொன்னதில்லை, அது வேறு விஷயம். மகளும் நானும் பேசி மூன்று வாரம் ஆகிறது. கணக்கில் கெட்டிக்காரி, உலக நடப்பில் குழந்தை. யார் சொல்வது சரி?
- பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, உட்கார்ந்து பேசுங்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இதே சண்டை வருடத்துக்கு நாலைந்து முறை இந்தப் பக்கத்துக்கு வந்துவிடுகிறது, அதனால் அந்தச் சம்பிரதாயத்தை விட்டுவிடுகிறேன்.

உலகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒரு தடவை படித்தேன். அடைப்புக்குறிக்குள் இருந்ததை நாலு தடவை படித்தேன். தம்பி தன் பங்கை எழுதிக்கொடுத்தான், அதை விற்றுத்தான் காலூன்றினேன் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே அவன் நன்றி சொல்லவில்லை என்று குறைப்படுகிறீர்கள். ஏன் ஐயா சொல்ல வேண்டும்? வாங்கின கடனைத் தவணையில் கட்டுகிறவருக்கு யாராவது நன்றிக் கடிதம் போடுகிறார்களா? ‘அது வேறு விஷயம்’ என்கிறீர்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

உங்கள் நோட்டில் அனுப்பியது மட்டும் இருக்கும், பெற்றது இருக்காது. பணக்கார நாடுகளும் இதே மாதிரி ஒரு நோட்டுதான் வைத்திருக்கின்றன.

கரீபியன் கடலில் இருக்கும் ஹெய்ட்டி என்ற ஏழை நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சுக்கு அடிமைகளாகக் கரும்பும் காப்பியும் விளைவித்துக் கொடுத்த ஜனங்கள், போராடி 1804-ல் விடுதலை பெற்றார்கள். 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களோடு வந்து, எங்களுக்கு நஷ்டமான சொத்துக்கு 15 கோடி பிராங்க் எடுத்து வை, அப்போதுதான் உன்னைத் தனி நாடாக ஒப்புக்கொள்வோம் என்றது. நஷ்டமான சொத்து என்றதில் அந்த மனிதர்களும் சேர்த்தி. தங்களையே விலை கொடுத்து வாங்கச் சொன்னார்கள். 1838-ல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால் முதல் தவணை கட்டுவதற்கே பிரான்சில் கடன் வாங்க வேண்டியிருந்தது. இதையொட்டி வாங்கிய கடன்களெல்லாம் அடைந்து முடிந்தபோது வருடம் 1947.

அப்புறம் அரிசிக் கதை. 1995-ல், கடன் கொடுத்தவர்களின் நெருக்குதலில், ஹெய்ட்டி தன் அரிசி இறக்குமதி வரியை 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு இறக்கியது. அரசு மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி மலிவாக வந்து குவிந்தது. உள்ளூர் நெல் விவசாயி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? அது தவறு என்று, அந்தச் சமயத்தில் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டனே 2010-ல் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் ஒப்புக்கொண்டார். தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலருக்கு அதனால் நன்மை கிடைத்திருக்கலாம், ஹெய்ட்டி தன் சோற்றைத் தானே விளைவிக்கும் திறனை இழந்த பழி தன் தலையில் இருக்கிறது என்ற பொருளில் பேசினார். 2024-ல் அந்த நாட்டில் 54 லட்சம் பேர், ஏறக்குறைய பாதி ஜனம், கடும் பசியில் இருந்தார்கள். ஆயுதக் கும்பல்களும் அதற்குக் காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் அங்கே ஒரு கப்பல் அரிசி போனால் அதற்கு உதவி என்று பெயர் வைத்து, மூட்டையில் கொடியும் அச்சடித்து அனுப்புகிறோம்.

எல்லாப் பசியும் யாரோ பறித்ததால் வந்ததல்ல என்பீர்கள். சரி. 2011-ல் சோமாலியாவில் வந்த வறட்சியை எந்த நாடும் அனுப்பி வைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மழை பொய்க்கிறது, பஞ்சம் வரப்போகிறது என்று 2010 கடைசியிலேயே எச்சரிக்கைகள் வந்துவிட்டன. பெரிய அளவில் பணம் வந்தது, ஜூலை 2011-ல் ஐ.நா. பஞ்சம் என்று அறிவித்த பிறகுதான். உதவியை ஆயுதக் குழு தடுத்ததும் உண்மை, கையில் வைத்திருந்தவர்கள் காத்திருந்ததும் உண்மை. சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர் செத்தார்கள். அதில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

அந்தக் குழந்தைகளை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? மேல்கையில் சுற்றிப் பார்க்க ஒரு நாடா இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. உங்கள் கட்டைவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து ஒரு வளையம் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் அந்தக் கை. சிவப்பில் இருக்கும் குழந்தைக்கு நிலக்கடலைப் பசை பாக்கெட் கொடுப்பார்கள். 92 கிராம், 500 கலோரி. காய்ச்ச வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம், மூலையைக் கிழித்தால் குழந்தையே உறிஞ்சிக்கொள்ளும். நாளுக்கு இரண்டு மூன்று பாக்கெட் என்று சில வாரம் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடும். மருந்தும் தெரியும், அளவும் தெரியும், வாங்கிக் கொடுக்கக் காசும் இருக்கிறது. இதற்குப் பிறகும் இது கொடுக்கிறவர் மனசைப் பொறுத்த விஷயம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

சொந்த நாட்டு ஏழை முதலில் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். என் பிள்ளைக்குப் போட்ட பிறகுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போடுவேன், இதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் ‘முதலில்’ என்ற சொல்லை நீங்கள் ‘மட்டும்’ என்று படிக்கிறீர்கள். முதல் பந்தி என்று ஒன்று இருந்தால் இரண்டாம் பந்தியும் உண்டு. உங்கள் பழமொழியும் மிஞ்சினால் கொடு என்றுதான் சொல்கிறது, மிஞ்சியதைப் பூட்டி வை என்று சொல்லவில்லை.

அள்ளிக் கொடுக்கிறோம் என்ற பேச்சையும் கொஞ்சம் பார்ப்போம். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது 1970-ல். நூற்றில் ஒன்றுகூட இல்லை. 2023-ல் அதை எட்டிய பணக்கார நாடுகள் நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க், ஜெர்மனி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரிட்டன் அந்த 0.7-ஐ 2015-ல் சட்டமாகவே எழுதி வைத்தது. 2021-ல் 0.5 ஆக்கியது. 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக பிப்ரவரி 2025-ல் அறிவித்தது, ராணுவத்துக்குப் பணம் வேண்டுமாம். தர்மம் என்று பெயர் வைத்துவிட்டால் இதுதான் வசதி, நினைத்தபோது நிறுத்தலாம். உங்கள் மகள் ஒரு சொல்லுக்காக ஏன் சண்டை பிடிக்கிறாள் என்று இப்போது புரிகிறதா? அந்தச் சொல் அவள் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. பசியிலிருந்து விடுபட்டிருப்பது ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை, அதற்காக நாடுகள் தனித்தனியாகவும் சேர்ந்தும் வேலை செய்ய வேண்டும் என்று பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்காக 1966-ல் வந்த சர்வதேச உடன்படிக்கையின் 11-வது பிரிவே சொல்கிறது.

ஆட்சியாளர்கள் தின்பது சில இடங்களில் நடக்கிறதுதான். நீங்கள் அனுப்பிய பணத்தை உங்கள் தம்பி ஒரு மாதம் சீட்டாடித் தொலைத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளிக்கே கட்டியிருப்பீர்கள். கொடுக்கிறவர் தின்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவின் உணவு உதவியில் பெரும்பகுதி பல காலம் அந்த நாட்டிலேயே வாங்கிய தானியமாகத்தான் போக வேண்டும், அதில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் ஏற வேண்டும் என்று விதி. அதனால் செலவும் கூடியது, சோறும் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தது.

மகளிடம் மூன்று வாரம் பேசாமல் இருப்பதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். அவள் கேட்டது உங்கள் பணத்தை இல்லை, ஒரு ஒப்புதலை. அதைத் தம்பிக்கே இன்னும் கொடுக்காத மனிதர் நீங்கள்.

இந்த வாரக் கடைசியில் அந்த நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில், எல்லா வரிகளுக்கும் மேலே, தம்பி எழுதிக்கொடுத்த பங்கின் தொகையையும் தேதியையும் எழுதுங்கள். 26 வருட வட்டியையும் போடுங்கள், நியாயமான வட்டியாக. அப்புறம் இதுவரை அனுப்பியதைக் கழித்துப் பாருங்கள். கழித்தலை மகள் போடட்டும், கணக்கில் கெட்டிக்காரி என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் எந்தப் பக்கம் நின்றாலும் அன்று ராத்திரியே தம்பிக்கு ஒரு போன் போடுங்கள். நன்றி சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான்.