வெளியில் எடுக்கும் படத்தில் முகம் ஏன் கறுத்துப்போகிறது?

கேள்வி: புதிதாக மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கிறேன். கூடவே வந்த 18-55 லென்ஸும், தனியாக வாங்கிய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் இருக்கின்றன. வீட்டில் உள்ளவர்களை வெளியே நிறுத்திப் படம் எடுத்தால் முகம் கறுத்துப்போகிறது. அதைச் சரிசெய்தால் வானம் வெளுத்துவிடுகிறது. சில படங்களில் கண் மங்கலாகவும் காது தெளிவாகவும் இருக்கிறது. போனிலேயே இதைவிட நன்றாக வருகிறதே, நான் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

பதில்: கேமராவில் கோளாறு இல்லை. போன் ஒரு தட்டலுக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, முகத்தை வெளிச்சமாக்கி, வானத்தை அடக்கித் தந்துவிடுகிறது. உங்கள் கேமரா எடுப்பது ஒரே படம். வானம் பளிச்சென்றும் முகம் நிழலிலும் இருந்தால், இரண்டில் எது முக்கியம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். செட்டிங் இதற்குக் கொஞ்சம்தான் உதவும். ஆளை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது.

முதலில் செட்டிங்கை முடித்துவிடுவோம். மோட் டயலை அப்பர்ச்சர் முன்னுரிமைக்குத் திருப்புங்கள். லென்ஸின் துளை அளவை (எஃப் எண்; எண் சிறிதானால் துளை பெரிது) நீங்கள் வைப்பீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். கேனனில் ‘ஏவி’, நிக்கான், சோனியில் ‘ஏ’. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் விட்டு, அதன் மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/250 நொடி, ஐஎஸ்ஓ உச்சவரம்பு 6400 என்று வையுங்கள். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே சமாளிக்கும். எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது, அதனால்தான் 1/250. ஓடியாடும் குழந்தைகளுக்கு 1/500 முதல் 1/1000 வரை வேண்டும். கோப்பு வகை ரா (பின்னால் திருத்த வசதியான மூலக் கோப்பு) + ஜேபெக். முழு மேனுவல் மோடில்தான் ‘உண்மையான’ படம் எடுக்க முடியும் என்று யாராவது சொன்னால் இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வெளியில் மேகம் ஒன்று கடந்தாலே வெளிச்சத்தின் அளவு மாறிவிடும், நீங்கள் டயலைத் திருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் நல்ல சிரிப்பு போய்விடும்.

கண் மங்கி, காது தெளிந்ததற்கு எஃப்/1.8தான் காரணம். கேமரா ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியது) கொண்டது என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 வைத்து 1 மீட்டர் தூரத்தில் எடுக்கும்போது தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். கண்ணுக்கும் காதுக்கும் இடையே அதைவிட அதிக தூரம் இருக்கிறது. அதே லென்ஸில் 2 மீட்டர் தள்ளி நின்றால் ஆழம் 11, 12 செ.மீ. ஆகும். அதே 2 மீட்டரில் எஃப்/2.8 வைத்தால் 18 செ.மீ. வரை கிடைக்கும். ஆகவே தனி ஆளுக்கு எஃப்/2.8, அருகருகே நிற்கும் இருவருக்கு எஃப்/4, இரண்டு வரிசைக்கு எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை என்று தொடங்குங்கள். விலை கொடுத்து வாங்கிய எஃப்/1.8-ஐப் பயன்படுத்தாமல் இருப்பதா என்று தோன்றும். பொழுது சாய்ந்தபின் அதற்கு வேலை வரும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்தாலும் எஃப்/1.8-க்குக் கிட்டத்தட்ட 1/8000 ஷட்டர் வேகம் தேவைப்படும். பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-லேயே நின்றுவிடும், அப்போது படம் முழுவதும் வெளுத்துவிடும்.

ஃபோகஸைத் தொடர் முறைக்கு மாற்றி, கண்ணைக் கண்டறியும் வசதியை இயக்குங்கள். நிக்கான், சோனியில் அது ‘ஏஎஃப்-சி’, கேனனில் ‘சர்வோ’. ஒருமுறை ஃபோகஸ் பிடித்து நிறுத்தும் முறையில், ஷட்டரை அழுத்துவதற்குள் நீங்களோ அவரோ ஓர் அங்குலம் அசைந்தாலும் கண் தப்பிவிடும். முகம் சாய்ந்திருந்தால் கேமராவுக்கு அருகில் உள்ள கண்தான் தெளிவாக இருக்க வேண்டும்.

இனி வெளிச்சம். இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஒருவரை திறந்தவெளியில் நிறுத்தி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று திரும்பச் சொல்லுங்கள். நீங்களும் அவர் முகத்துக்கு எதிரிலேயே நகர்ந்துகொண்டு, கேமராவை எடுக்காமல் கண்ணை மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது கண்குழிகளில் நிழல் விழுந்து கண் செத்துப்போனதுபோல் இருக்கும். இன்னொரு பக்கம் கண் கூசிச் சுருங்கும். ஏதோ ஓரிடத்தில் கருவிழியில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி மின்னும், கன்னத்து நிழல் மென்மையாகும். அங்கேயே நிறுத்திப் படம் எடுங்கள். ஒவ்வொரு புது இடத்திலும் இதைச் செய்தால் சில நாட்களில் திரும்பச் சொல்லாமலே இடம் பிடிபட்டுவிடும்.

எளிதான வெளிச்சம், நிழலின் விளிம்பில் கிடைப்பது. கட்டட நிழலிலோ தாழ்வாரத்திலோ ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே தள்ளி, முகம் வெளிப்புறத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். திறந்த வானமே பெரிய விளக்காகிவிடும். ஆழமான நிழலுக்குள் போனால் முகம் சோர்ந்து தெரியும். மரத்தடியில் கவனம் தேவை. இலைகளின் இடுக்கில் வரும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழுந்தால் எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது. புல்தரை முகவாயில் பச்சை நிறத்தையும் செங்கல் சுவர் கன்னத்தில் சிவப்பையும் ஏற்றும். வெளிர்நிற சிமென்ட் தரையும் மணலும் நல்லவை, கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

நிழலே இல்லாத இடமென்றால் சூரியன் அவர் முதுகுப் பக்கம் இருக்கட்டும். நேர் வெயிலைப் பார்க்கச் சொல்லிக் கண் சுருங்கவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பின்னால் பளிச்சென்ற வானத்தைக் கண்டு கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும், நீங்கள் பார்த்த கறுத்த முகம் அதுதான். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) +1-க்கு ஏற்றுங்கள், போதாவிட்டால் +1.7. வானம் கொஞ்சம் வெளுக்கும், வெளுக்கட்டும். கூடவே முடிந்தவரை வானத்தைத் தவிர்த்து, மரமோ சுவரோ பின்னணியாக வரும்படி நில்லுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை மார்பு உயரத்தில் முகத்தை நோக்கி யாராவது பிடித்தால் இன்னும் நல்லது.

பெரிய கறுப்புப் பின்னணியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். இருட்டை ஈடுகட்ட கேமரா வெளிச்சத்தை ஏற்றி முகத்தை வெளுக்க வைக்கும். அங்கே -0.7 தேவைப்படலாம். மாநிறமோ கருநிறமோ, தோலை வெள்ளையாக்குவது நோக்கமல்ல. நெற்றியிலும் மூக்கின் மேலும் உள்ள மினுமினுப்பில் தோலின் விவரம் தெரிகிறதா என்று பாருங்கள், அதுவே சரியான அளவு. வெயிலில் பின்திரையை நம்பாதீர்கள். வியூஃபைண்டருக்குள் ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பார்ப்பதே பாதுகாப்பு.

படச்சட்டத்துக்குள் ஆளை அமைப்பதில், லென்ஸைவிட நீங்கள் நிற்கும் தூரம் முக்கியம். 18 மி.மீ.யில் முகத்தருகே போனால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். 50 மி.மீ. லென்ஸில் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து, இடுப்பளவு படத்துக்குச் சுமார் 2 மீட்டர், முழு உருவத்துக்கு நாலரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். இடுப்பளவு படத்துக்குக் கேமரா அவர் கண் உயரத்தில் இருக்கட்டும். முழு உருவத்துக்கு உங்கள் முழங்காலை மடக்கி, கேமராவை அவர் இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் கால் குட்டையாகும். குழந்தை என்றால் தரையில் உட்கார்ந்துவிடுங்கள்.

பின்னணி மங்க வேண்டுமானால் ஆளைச் சுவரிலிருந்து 3, 4 மீட்டர் முன்னால் கொண்டு வாருங்கள். சுவரில் சாய்ந்து நிற்பவருக்குப் பின்னால் எஃப்/1.8-லும் சுவர் மங்காது. அழுத்துவதற்கு முன் தலையைச் சுற்றி ஒரு பார்வை. கம்பம் தலையிலிருந்து முளைக்கிறதா, அடிவானக் கோடு கழுத்தை வெட்டுகிறதா? அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும். கை, காலை வெட்ட வேண்டியிருந்தால் மூட்டில் வெட்டாமல் தொடை நடுவிலோ மேற்கையிலோ வெட்டுங்கள்.

விறைத்து நிற்பவரிடம் ‘இயல்பா இருங்க’ என்பதில் பயனில்லை. உடல் எடையை ஒரு காலில் வைக்கச் சொல்லுங்கள், கைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள், தரையைப் பார்த்துவிட்டு நிமிரச் சொல்லுங்கள். நிமிரும் நொடியில் மூன்று நான்கு படங்கள் தொடர்ந்து எடுங்கள். குழுப் படத்தில் யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார், அங்கே இன்னும் கூடுதலாக எடுக்க வேண்டும்.

ஒரே இடத்தில் அடுக்கடுக்காக எடுப்பதற்கு முன், முதல் படத்தின் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது, ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் அவர் அசைந்திருக்கிறார். இரண்டுக்குமே ஷட்டர் வேகத்தை ஏற்ற வேண்டும். கண் மங்கி வேறெதுவோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் பிழை. படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளிறியிருந்தால் சூரிய ஒளி நேராக லென்ஸில் விழுகிறது அல்லது லென்ஸில் விரல்ரேகை படிந்திருக்கிறது. ஹூட்டை (லென்ஸ் முனையில் மாட்டும் ஒளிமறைப்பு) மாட்டுங்கள், கண்ணாடியை மென்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.