ஊதா ஒளியில் மின்னும் கல்லை வைத்து எண்ணெய் பேசலாமா?

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னார் மாவட்டத்து முருங்கனிலுள்ள குடும்பக் காணியில் குழாய்க் கிணறு தோண்டியபோது வந்த சுண்ணக்கல் துண்டுகளை ஒரு தரகர் இருட்டறையில் ஊதா ரோச் ஒளியில் காட்ட, அவை மஞ்சளாக ஒளிர்ந்தனவாம். பாறை நன்றாக வெந்து எண்ணெய் பிடித்திருக்கிறது என்றும், அறிக்கை எடுக்கப் பணம் கட்ட வேண்டும் என்றும் அவர் சொல்கிறாராம்.

பணம் கட்டாதீர்கள். சுண்ணக்கல்லிலுள்ள கல்சைற்றுக் கனியத்தில் மங்கனீசு போன்ற மாசு சிறிதளவு கலந்திருந்தாலே அது ஒளிரக்கூடும். இரும்பு கூடினால் மங்கும். அந்த ஒளியிலிருந்து பாறை கண்ட வெப்பத்தைக் கணிக்க முடியாது.

வெப்ப முதிர்ச்சியை, அதாவது எண்ணெய் உருவாகும் அளவுக்குப் பாறை ஆழத்து வெப்பத்தில் வெந்திருக்கிறதா என்பதைக் காட்டுவது, பாறைக்குள் அகப்பட்ட அல்கா, மகரந்தம் போன்ற நுண்ணிய சேதன எச்சங்களின் ஒளியாகும். மெருகிட்ட துண்டை நுணுக்குக்காட்டியில் நீல ஒளியில் பார்த்தால், வேகாத பாறையில் அவை பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும்; வெப்பம் ஏற ஏறச் செம்மஞ்சளாகவும் மங்கிய கபிலமாகவும் மாறி, எண்ணெய் உருவாகும் கட்டம் முடியும் அளவில் அணைந்துவிடும். ஆகவே சேதன எச்சங்களில்கூடப் பளிச்சென்ற மஞ்சள் பெரும்பாலும் முதிராமையையே காட்டும். நிறத்தை மட்டும் நம்பாமல், விற்றினைற்று எனப்படும் தாவரத் துகளின் ஒளித்தெறிப்பையும், அதாவது பட்ட ஒளியில் எத்தனை சதவீதம் திரும்பித் தெறிக்கிறது என்பதையும் அளப்பார்கள். ஏறத்தாழ 0.6 சதவீதத்தில் எண்ணெய்க் கட்டம் தொடங்கி 1.3 சதவீதத்தில் முடியும். அதற்குப் பாறை பொதுவாக இரண்டு கிலோமீற்றருக்கும் மேலான ஆழத்தில் புதைந்திருக்க வேண்டும். உங்கள் கிணற்றுக் கல் அந்த ஆழத்தைக் கண்டதல்ல.

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கியாக வேண்டும், ஏனெனில் கொஞ்சம் படித்த தரகர் இதைத்தான் பிடித்துக்கொள்வார். பாறை வெடிப்புகளில் வளர்ந்த கல்சைற்று நரம்புக்குள் நுண்ணிய எண்ணெய்க் குமிழிகள் சிறைப்பட்டிருக்கலாம். அவை உண்மையாகவே நீலமாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். ஆனால் அந்த எண்ணெய் வேறெங்கோ ஆழத்தில் வெந்து, வெடிப்பின் வழியே ஊர்ந்து வந்திருக்கலாம். எண்ணெய் கடந்து போனது என்பதற்கு அது சான்று. அந்தக் கல்லே முதிர்ந்தது என்பதற்குச் சான்றல்ல. குமிழியின் நிறமும் முதன்மையாக எண்ணெயின் தன்மையைக் காட்டுவது. அதை நேரடியாக வெப்பமானியாக வாசிக்கக் கூடாது.

துளையிடும் குழாயின் கிறீஸும் டீசலும், துண்டைக் கழுவிய சவர்க்காரத் தூளும்கூட ஒளிரும். ஆகவே துண்டை உடைத்துப் புதிய முகத்தை மட்டும் பாருங்கள். வெள்ளைக் கோப்பையில் வைத்து, யன்னலைத் திறந்துவிட்டு, நெருப்பை அண்டவிடாமல், சில துளி அசற்றோன் விடுங்கள். எண்ணெய் இருந்தால் ஒளி திரவத்துக்குள் புகைபோல் கசிந்து பரவும். கனியத்தின் ஒளி கல்லைவிட்டு நகராது. அசற்றோனையும் கோப்பையையும் முதலில் தனியாக ரோச்சில் பார்த்துவிடுங்கள்.

2011 இல் மன்னார்ப் படுகையில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான். அது ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஆழக்கடலின் அடியில். அந்தச் செய்தியைக் காட்டித்தான் இவர்கள் காணிகளுக்குள் நுழைகிறார்கள். காணி உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் நிலத்தடிப் பெற்றோலியம் அரசுடைமை. "பங்கு" எழுதித் தருவதாகச் சொல்பவரிடம் தருவதற்கு எதுவும் இல்லை.

முறையான ஆய்வகத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் எனக்கு மனம் வரவில்லை. என் மாணவர் ஒருவரின் நான்கு மாதிரிகள் ஓர் அரச அலுவலகத்தில் பதினொரு மாதங்கள் கிடந்தன. பெட்டி பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. தரகர்கள் பிழைப்பது இந்தத் தாமதத்தில்தான். நீங்கள் எழுத்தில் விண்ணப்பித்து, பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். எடுத்த ஆழத்தையும் திகதியையும் எழுதிய பையில் கழுவாத துண்டுகளை வைத்து, பாதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.