ஒரு பகலில் ஃபாக்லாந்து பென்குயின்கள்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். ஜனவரியில் தென் அமெரிக்கக் கப்பல் சுற்றுலா போகிறோம். ஃபாக்லாந்துத் தீவுகளில் ஸ்டான்லி துறைமுகத்தில் ஒரு பகல் நிற்குமாம். அங்குள்ள ஐந்து வகைப் பென்குயின்களையும் பார்த்துவிட முடியுமா? இங்கே ராணி பாக் மிருகக்காட்சி சாலையில் பார்த்த வகையும் அங்கே உண்டா? என் கணவருக்கு முதுகுவலி.

பதில்: ஐந்தையும் பார்க்க ஒரு பகல் போதாது. ராக்ஹாப்பர் வகைப் பென்குயின் கூட்டங்களை நிதானமாகப் பார்க்க சாண்டர்ஸ் போன்ற வெளித் தீவுகளுக்குச் சிறு விமானத்தில் போய்த் தங்க வேண்டும். மக்கரோனி வகை அங்கே மிகக் குறைவு; ராக்ஹாப்பர்களுக்கு நடுவில் ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் உண்டு. அந்த இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கிங் பென்குயின்கள் பெருங்கூட்டமாக இருக்கும் இடம் வாலண்டியர் பாயிண்ட். அற்புதமான இடம்தான். ஆனால் ஜீப்பில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிப் பகுதியில் சாலையே கிடையாது, சதுப்பு நிலத்தில் குலுங்கிக்கொண்டே போக வேண்டும். முதுகுவலியோடு போக வேண்டாம் என்றே சொல்வேன்.

நான் சொல்வது பிளஃப் கோவ். அரை நாள் போதும், கரடுமுரடான பாதையும் குறைவு. ஜென்டூ பென்குயின் கூட்டத்தோடு சில கிங் பென்குயின்களும் இருக்கும். ஜனவரி நல்ல மாதம். ஜென்டூ குஞ்சுகள் இரைக்காகத் தாய் தகப்பனைத் துரத்தித் துரத்தி ஓடும். கிங் பறவைகள் கூடு கட்டாமல், முட்டையைக் காலின் மேல் வைத்து வயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு நிற்கும். அவசரப்படாமல் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள்.

நேரம் மிஞ்சினால் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஜிப்சி கோவ். அங்கே வளை தோண்டி வாழும் மெகெல்லன் பென்குயின். ராணி பாகில் இருப்பது ஹம்போல்ட். முதல் பறவைகள் 2016-ல் சியோலிலிருந்து வந்தன. அதன் சொந்த ஊர் பெரு, சிலி கடற்கரை. ஃபாக்லாந்தில் அது இல்லை, மெகெல்லன் அதன் நெருங்கிய சொந்தம். ஹம்போல்ட்டுக்கு மார்பில் ஒரு கறுப்புப் பட்டை, மெகெல்லனுக்கு இரண்டு. இதை வைத்தே சொல்லிவிடலாம்.

எந்தப் பென்குயினிடமிருந்தும் குறைந்தது ஆறு மீட்டர் தள்ளியே நில்லுங்கள். வளைகளின் மேல் கால் வைத்தால் மண் சரிந்துவிடும், பாதையை விட்டு இறங்காதீர்கள். பறவைக் காய்ச்சல் அங்கேயும் எட்டியிருக்கிறது; அதனால் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழுவிவிட்டே கரையிறங்குங்கள். அப்புறம் ஒன்று: கப்பலிலிருந்து சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். காற்று பலமானால் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள். முன்பதிவு செய்யும்போது, அப்படி நடந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.