முதுகுக்கு ஒரு மார்க், இடுப்புக்கு ஒரு மார்க்

கேள்வி: அம்மாவுக்கு வயது 74. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 0.9; இடுப்பு மூட்டை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மைனஸ் 2.7. எதை நம்புவது?

பதில்: தொடை எலும்பை. எந்த இடத்தில் ஸ்கோர் குறைவோ, அதை வைத்துத்தான் முடிவு சொல்வார்கள். டி-ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிடுவது. மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை. இடைப்பட்டது அடர்த்திக் குறைவு. பக்கத்தில் இருக்கும் இசட்-ஸ்கோர் சம வயதினரோடு ஒப்பிடுவது. அதைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

முதுகு ஏன் ஏமாற்றுகிறது? கதிர் கடந்துபோகும் பாதையில் உள்ள சுண்ணாம்பு எல்லாம் எலும்புக் கணக்கில் சேர்ந்துவிடும். தேய்மானத்தால் வளர்ந்த எலும்பு முள்ளும் சேரும், பெருந்தமனிச் சுவரில் படிந்ததும் கொஞ்சம் சேரும். முள்ளெலும்பு நசுங்கியிருந்தால் இன்னும் வேடிக்கை: அதே தாது சிறிய பரப்புக்குள் அடங்குவதால் அடர்த்தி கூடியதாகக் காட்டும். உடைந்த எலும்புக்கு நல்ல மார்க்!

அறிக்கையில் எல்1 முதல் எல்4 வரை, அதாவது கீழ்முதுகின் நான்கு முள்ளெலும்புகளுக்கு, தனித்தனி டி-ஸ்கோர் இருக்கும். ஒன்று மட்டும் அடுத்ததைவிட 1 புள்ளிக்கு மேல் எகிறி நின்றால், அதை நீக்கிக் கணக்கிட்டார்களா என்று கேளுங்கள். இளமையில் இருந்ததைவிட அம்மாவின் உயரம் 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபடாமலே நசுங்கிய முள்ளெலும்பு தெரிந்து, அதற்கு வேறு நோய் காரணமில்லை என்றால், ஸ்கோர் என்னவானாலும் அது எலும்புப்புரைதான்.

கேள்வி: ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 24 மணி நேரத்துக்கு முன்பே கால்சியம் மாத்திரையை நிறுத்துங்கள். கரையாத மாத்திரை வயிற்றில் கிடந்தால் அதுவும் படத்தில் விழும். பேரியம் குடித்தோ, சாய ஊசி போட்டோ சமீபத்தில் ஸ்கேன் எடுத்திருந்தால் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். ஜிப், கொக்கி, பெல்ட் இல்லாத உடை போதும். இடுப்பில் செயற்கை மூட்டு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மறுபக்கம் எடுப்பார்கள்.

கேள்வி: வேறொரு மையத்தில் மறுபடி எடுத்ததில் எலும்பு அடர்த்தி 3% குறைந்திருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. கருவி மாறினாலே எண் மாறும். ஒரே கருவியிலும் பாதத்தை உள்நோக்கித் திருப்பி வைக்கும் கோணம் பிசகினால் தொடைக் கழுத்தின் அளவு மாறிவிடும். அடுத்த முறை பழைய மையத்துக்கே போங்கள். டி-ஸ்கோரை விட்டுவிட்டு, சதுர செ.மீ.க்கு எத்தனை கிராம் என்ற எண்ணை ஒப்பிடச் சொல்லுங்கள்.